எவ்வளவு தூரம் போகும்

கண்ணாடிக் கதவு பின்னால் மூடுவதற்குள்
கேட்டுவிடுவார்கள்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு, என்பேன்.
உதட்டைச் சுழிப்பார்கள்,
வேலையில்லாத மாப்பிள்ளையின் ஜாதகத்தை
நான் நீட்டிவிட்டது போல.

ஸலாலா போகுமா?
மஸ்கட்டில் பேட்டரி வண்டி விற்கிற எவனுக்கும்
இந்தக் கேள்வி மனப்பாடம்.
ஆயிரம் கிலோமீட்டர். நடுவில் ஹைமா.
அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
தட்டையாக, ஒன்றுமே இல்லை.
கடைசியாக எப்போது போனீர்கள்?
போன வருஷம். இல்லை, அதற்கு முந்தின மழைக்கு.
காரிலா?
விமானத்தில்.

தவராஜ் அண்ணனுக்கு நாலு பிக்கப் வேண்டும்.
ருசைல் யார்டு, பர்கா சைட், மறுபடி யார்டு:
அறுபத்தெட்டு கிலோமீட்டர்.
எழுபத்தைந்தைத் தாண்டினால்
சொந்த வேலைக்கு ஓட்டினாய் என்று
டிரைவர் சம்பளத்தில் பிடிப்பவர்,
எண்ணூறாவது போகணும் தம்பி, என்கிறார்.

நான் பொய் சொல்வதில்லை.
ஆகஸ்டில் ஏ.சி. தன் பங்கைத் தின்னும்.
பின்னால் படகைக் கட்டினால் பாதிதான்.
நூற்றிருபதில் பறந்தால் இன்னும் கொஞ்சம் போகும், கையைவிட்டு.
காகிதத்தில் இருக்கும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு
வெயிலும் படகும் அவசரமும் இல்லாத
ஏதோ ஓர் ஊருக்குச் சொந்தம்.
அப்படியும் மிச்சமாகும், என்பேன்.
நம்புவதில்லை.

குரியாத்தில் மீன் ஏலம் எடுக்கும் கல்ஃபானிடம்
பெரிய எஸ்.யு.வி.யைக் கொடுத்தனுப்பினேன்,
ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள் என்று.
திரும்பி வந்ததும் கணக்கைத் திரையில் காட்டினேன்.
சனி, நாற்பத்தொன்று.
ஞாயிறு, முப்பத்தாறு.
திங்கள் மஸ்கட் வந்து போனது, நூற்றெண்பத்தேழு.
செவ்வாய், ஒன்பது.
ஒன்பதா என்று அவரே சிரித்தார்.
ஒரு நாளும் பாதிக்குக் கீழே இறங்கவில்லை பாருங்கள்.
பார்த்தார். தலையாட்டினார்.
இதைவிடப் பெரிய பேட்டரி இருக்கிறதா, என்றார்.

எனக்குக் கமிஷன் கூடுதல்தான்.
ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை:
எந்த நாளுக்காக?

புயல் வந்த இரவு, என்றார்.
முன்னால் ஒரு வாதி இறங்கிவிட்டது.
திரும்பலாமென்றால் பின்னாலும் தண்ணீர்.
இரண்டுக்கும் நடுவே மேட்டில் நிறுத்தினேன்.
வண்டியில் அண்ணன் பிள்ளைகள் ஐந்து பேர்,
கடைசியவனுக்குக் காய்ச்சல்.
பத்தொன்பது மணி நேரம்
பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இன்ஜினை அணைத்தால் உள்ளே வெந்துவிடும்,
அணைக்காவிட்டால் தீர்ந்துவிடும்.

அன்று எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்றேன்,
விற்பனைப் பழக்கம்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
ஓடவில்லை. அதைத்தானே சொல்கிறேன்.

எனக்குக் கணக்கு தெரியும்.
அந்தச் சின்ன பேட்டரியே
ஐந்து பிள்ளைகளையும் இரண்டு நாள் குளிர வைத்திருக்கும்,
சத்தமில்லாமல், புகையில்லாமல்.
ஆனால் கையேட்டில் அதற்கென்று கட்டமில்லை.
நகராமல் நிற்க வேண்டிய தூரம்
எவ்வளவு என்று யாரும் அச்சடிக்கவில்லை.
சொன்னேன். கேட்டுக்கொண்டார்.
பெரியதையே எழுது, என்றார்.
எழுதினேன்.

ஷோரூமிலிருந்து என் அறை பதினான்கு கிலோமீட்டர்.
பதினோரு வருஷமாக அதே பதினான்கு,
வெள்ளிக்கிழமை தவிர.
இரவு படுக்கும்போது போன் எழுபத்தொரு சதவீதம் காட்டியது.
எங்கேயும் போவதாக இல்லை.
யாரும் கூப்பிடுவதாகவும் இல்லை.
விளக்கை அணைத்த பிறகு
கை இருட்டில் துழாவிக்கொண்டிருந்தது,
ஒயரை.